நனையக் கூடாத வாட்ச்

புங்கம்பாளையத்தில் மூளைக்குப் பஞ்சம் என்ற பேச்சே கிடையாது. இருந்த பொருள் தீர்ந்தால்தானே பஞ்சம்.

அந்த ஊர் நாச்சிமுத்து, மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் ஒரு வாட்ச் கட்ட வேண்டியிருந்தது. தனியாகப் போனால் தப்பாக எடுத்துவிடுவோம் என்று தம்பி ஆறுச்சாமியையும் மச்சான் சென்னியப்பனையும் ஈரோட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். மூன்று பேர் மூளையையும் சேர்த்து ஆட்டினாலும் ஒரு தோசைக்கு மாவு தேறாது.

கடைக்காரர் இரண்டு வாட்சை எடுத்து வைத்தார். "இது டைவ் வாட்சுங்க. தண்ணிக்குள்ள இருநூறு மீட்டர் போகும். இது டிரஸ் வாட்ச். நல்ல துணி உடுத்தறப்ப கட்டறது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் நின்னு போயிரும்."

மதியம் வரை மூவரும் அசையாமல் நின்றார்கள். "ரெண்டையும் கொண்டு போங்க, வேண்டாததைத் திருப்பிக் கொடுங்க" என்று கடைக்காரர் அனுப்பிவைத்தார். தெரிந்தவராகிப் போன பாவம்.

வீட்டுக்கு வந்து நாச்சிமுத்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "மாப்ளே, நீங்க தண்ணிக்குள்ள இருநூறு மீட்டர் போவீங்களா?"

"எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா மாமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. போனா ஒண்ணு வெச்சிருக்கேன், போகாட்டி ஒண்ணு வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார்.

"வாட்சையே கேட்டுருவோமுங்க மச்சான்" என்றார் சென்னியப்பன். டைவ் வாட்சைக் கிணற்றில் போட்டார்கள். அது போயிற்று. மூவரும் காபி குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

"இன்னும் வரலியே."

"போகும்னுதான் சொன்னாரு. வரும்னு சொல்லலீங்களே அண்ணா" என்றார் ஆறுச்சாமி.

சொன்ன சொல் தப்பாத அந்த வாட்ச்மேல் நாச்சிமுத்துவுக்கு மரியாதையே வந்தது. திருப்பிக் கொடுக்கிற வேலையும் மிச்சம்.

கல்யாணத்தன்று டிரஸ் வாட்ச் மாப்பிள்ளை கையில் ஏறியது. சடங்குகள் ஒழுங்காகத்தான் நடந்தன, ஐயர் செம்பை நீட்டும் வரை. "பொண்ணோட அப்பா வாங்கோ. மாப்பிள்ளை கையில தாரை வாருங்கோ."

நாச்சிமுத்து செம்பையும் பார்த்தார், வாட்சையும் பார்த்தார். தண்ணீர் வார்க்காவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாகாது. வார்த்தால் வாட்ச் நின்றுபோகும். தாலி கட்டுகிற வேளையில் மாப்பிள்ளைக்கு நேரம் நின்றுபோனால் மகள் கதி என்ன? மனிதருக்குக் கண் கலங்கியது.

"கழட்டிடறனுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

ஆறுச்சாமி தடுத்தார். "அது துணியோட கட்டறதுங்க. அதைக் கழட்டினா வேட்டி சட்டையையும் கழட்டோணும்."

மாப்பிள்ளை கையை இழுத்துக்கொண்டார். சென்னியப்பன்தான் ஓடிப்போய் ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து வாட்சுக்கு மேலே விரித்துப் பிடித்தார். நாச்சிமுத்து நிம்மதியாகச் செம்பைக் கவிழ்த்தார்.

"தாரை குடைமேல விழுந்துடுத்தே" என்றார் ஐயர். "அப்போ பொண்ணைக் குடைக்குன்னா கொடுத்திருக்கேள்."

எரிச்சலில் சொன்னதுதான். பிறகு அவரே வாட்சை மாப்பிள்ளையின் முழங்கைக்கு ஏற்றிவிட்டு, இன்னொரு முறை வார்க்க வைத்தார். தாலி ஏறியது. கெட்டிமேளம் முழங்கியது. பெண்ணும் மாப்பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஆனால் பந்தியில் மூவருக்கும் சோறு இறங்கவில்லை.

"மொதல்ல வார்த்தது மொதல்ல வார்த்ததுதானே?"

"அதுலென்ன சந்தேகம். குடைதான் மூத்த மாப்பிள்ளை."

"சின்னவருக்கு வாட்ச் கட்டிட்டு மூத்தவரை வெறுங்கையோட விட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

உடனே குடைக்கு ஒரு இலை போட்டுப் பாயசம் வரை பரிமாறினார்கள். சாப்பாடு முடிந்ததும் நாச்சிமுத்து அதைக் கக்கத்தில் வைக்காமல், மரியாதையாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறினார்.

"மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் வேணுங்க."

"டைவா, டிரஸ்ஸா?" என்றார் கடைக்காரர்.

இந்த முறை நாச்சிமுத்துவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "இவரு மழையில நிக்கறவருங்க. டைவே குடுங்க."

குடையின் கைப்பிடியைக் கடைக்காரர் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் இறுக்கியே கட்டுங்க. மெலிஞ்ச கை."