தழும்பை மறைத்த தைலம்

குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது அதிகம்.

உலகம்மை வைத்தியருக்கு நாற்பத்து நான்கு. பொதிகை மலை அடிவாரத்தில் அவருடைய வைத்தியசாலை. கைலாசம் அறுபத்தோராம் வயதில் அங்கே சீடராகச் சேர்ந்தார். அதற்கு முன் முப்பது வருஷம் அம்பாசமுத்திரத்தில் சலூன் வைத்திருந்தவர். ஒருநாள் அவர் பாக்கெட் தலைச்சாயம் பூசிவிட்ட வாடிக்கையாளர் ஒருவருக்கு நெற்றி முழுக்கக் கொப்பளித்துவிட்டது. அன்றைக்கே கடையை மூடிவிட்டு பஸ் ஏறினார்.

அவர் வைத்தியரை ‘அம்மா’ என்பார். வைத்தியர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். வயதுக்கும் வித்தைக்கும் பொதுவாக இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

கைலாசம் வேகமாகக் கற்றார். மருதாணியை இரும்புச் சட்டியில் தேயிலைத் தண்ணீர் விட்டு ஊறவைப்பது, முதல் நாள் அதைப் பூசிச் சிவக்கவிட்டு மறுநாள் அவுரி பூசிக் கறுக்கவைப்பது, அவுரியைக் கரைத்த கையோடு பூசிவிடுவது எல்லாம் மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. அவர் கை பட்ட தலையில் ஒரு வெள்ளை முடியைத் தேடிப் பிடிக்க முடியாது. இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

உலகம்மைக்கு முப்பது வயதிலேயே நரைத்துவிட்டது. அவர் தமக்கு ஒருநாளும் எதையும் பூசிக்கொண்டதில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

தை மாதத்தில் செண்பகவல்லி என்ற விதவை கைலாசத்திடம் வந்தாள். அறுபத்து மூன்று வயது, தனிக்குடித்தனம். ஒரே மகன் ஷார்ஜாவில் இருந்தான். அவளுடைய பின்மண்டையில் நாலு தையல் போட்ட தழும்பு இருந்தது. அந்த இடத்தில் முடி இல்லை, தோல் காய்ந்து செதிலாக உதிர்ந்தது. அரிக்கிறதா என்று கைலாசம் கேட்டார். அரிக்கிறது என்றாள். கரிசலாங்கண்ணிச் சாறு எடுத்துத் தைலம் காய்ச்சி வாராவாரம் தாமே தேய்த்துவிட்டார். பங்குனிக்குள் செதில் போய், சுற்றிலும் முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. அதைப் பார்த்து அவளைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

சித்திரையில் மகன் லீவில் வருகிறான் என்று தெரிந்ததும், தலையைக் கறுப்பாக்கித் தரச் சொன்னாள். இரண்டு நாள் உட்காரவைத்துப் பூசிவிட்டார். கண்ணாடியில் பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று கைலாசம் நினைத்துக்கொண்டார்.

மகன் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனான். அவன் போன மறுவாரம் செண்பகவல்லி மறுபடி வந்தாள். மருந்து அறையின் வாசற்படியில் நின்றுகொண்டே கேட்டாள்.

“அண்ணாச்சி, இத மறுபடி வெள்ளையாக்க ஏதாச்சும் இருக்கா?”

கைலாசத்துக்குப் புரியவில்லை. வேலையில் ஏதும் குறையா என்று கேட்டார்.

“கொறையே இல்ல. அதான்.”

பிறகு உட்கார்ந்து, கோபம் இல்லாமல் எல்லாம் சொன்னாள். குளியலறையில் மயங்கி விழுந்ததில் வந்ததுதான் அந்தத் தழும்பு. அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். எதையும் மகனிடம் போனில் சொல்லவில்லை, நேரில் வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். ஊரோடு வந்துவிடலாமா, அங்கேயே இன்னும் ஐந்து வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடலாமா என்ற யோசனையோடுதான் மகன் வந்திருக்கிறான். அம்மாவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இருந்திருக்கிறான். வந்து பார்த்தால் கன்னங்கரேலென்று தலை. இருக்கிற தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு வந்த பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தமாதிரி ஆகிவிட்டது.

“‘ஒனக்கென்னம்மா, பத்து வயசு கொறஞ்சில்லா போச்சு’ன்னான். அவன் மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அதப் பாத்த பெறகு நான் எப்படிச் சொல்லுவேன்? தலையக் காட்டலாம்னு பாத்தா, தழும்பும் தெரியல.”

இப்போதாவது போனில் சொல்லக்கூடாதா என்று கைலாசம் கேட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டான் அண்ணாச்சி. இனிச் சொன்னா அவனுக்கு அங்க ஒறக்கந்தான் போவும்.”

வெளுக்கவைக்க மூலிகை இல்லை என்று அவர் சொல்லவேண்டியதாயிற்று. மாதம் அரை விரற்கடை வளரும், வளர வளர அடியில் வெள்ளை தெரியும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் இந்த அளவு வலித்ததில்லை.

மதியம் குருவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார்.

“என் மருந்துல என்னம்மா தப்பு?”

உலகம்மை உரலில் இடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“மருதாணி ஊறியிருக்கா அண்ணாச்சி?”

“இருக்கும்மா.”

“எனக்குப் பூசிவிடுங்க.”

கைலாசம் திகைத்துப்போனார். பிறகு, தம் வேலையைச் சோதிக்கத்தான் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டார். தப்பு எங்கே என்று எப்படியும் தெரிந்துவிடும் அல்லவா? மணையைத் துடைத்துப் போட்டார். குரு கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

வகிடு பிரித்துப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பூசினார் கைலாசம். துளி சிந்தவில்லை. பரீட்சை எழுதுகிறவர் எப்படி எழுதுவாரோ அப்படிப் பூசினார். பாதித் தலை முடிந்திருந்தது.

குரு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, எங்கம்மா கடைசியா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நான் அதுக்கு…”

“தலைய ஆட்டாதீங்கம்மா. காதுல வழிஞ்சிரும்.”

குரு நிறுத்திக்கொண்டார்.

கைலாசம் அடுத்த வகிட்டை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். காதோரம் சுத்தமாக வந்திருந்தது. பின்மண்டைக்கு வந்தபோது அவர் கை நின்றுவிட்டது.

செண்பகவல்லியும் இப்படித்தான் ஆரம்பித்தாள். மருதாணி பூசிய அன்று, ‘எம்மவன் வாரான் அண்ணாச்சி, வந்தா’ என்று தொடங்கினாள். தலையை ஆட்டாதீர்கள் என்றார். அவுரி பூசிய அன்றும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னார். முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தது அது. தைலம் தேய்த்த மூன்று மாதமும் விரலுக்கடியில் அந்தத் தையல் தழும்பு தட்டுப்பட்டது. எப்படி அடிபட்டது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. அரிக்கிறதா என்றுதான் கேட்டார்.

“அம்மா” என்றார். “அவங்களும் சொல்ல வந்தாங்கம்மா. ரெண்டு தடவ வந்தாங்க.”

குரு தலையை அசைக்கவில்லை.

“நாந்தான் வேலை கெட்டுரும்னு…”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்து, குருவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். கையெல்லாம் மருதாணி. அதோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

“நீங்க இப்ப என்னமோ சொல்ல வந்தீங்களே, அது என்னம்மா? சொல்லுங்க. வழிஞ்சா வழியட்டும்.”

உலகம்மை அவரைப் பார்த்தார். சொல்லத்தான் முயன்றார்.

“இருபது வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது அண்ணாச்சி. இன்னைக்கு என்னமோ வாய் வரைக்கும் வந்துச்சு. இனி வராது. பூசி முடிங்க.”