இடம் தந்த பச்சையம்மாள்

செங்கழனி ரயில் நிலையத்தின் நடைமேடையைப் பெருக்குவது பச்சையம்மாள் என்னும் அம்மையாரின் திருத்தொண்டு. ஒப்பந்தக்காரர் அதற்குக் கூலி வேலை என்று பெயர் வைத்திருந்தார். விடியலில் நெற்றி நிறைய நீறு பூசி, "சிவனே, உன் பிள்ளைங்க நடக்கிற எடம்" என்று தரையைத் தொட்டு வணங்கிய பிறகே துடைப்பத்தை எடுப்பார்.

அந்த நிலையத்தில் பயணச்சீட்டு வாங்குவதே ஒரு தவம். ஜன்னல் இரண்டு, திறப்பது ஒன்று. சீட்டுத் தரும் இயந்திரமோ சாக்குப் போர்த்தி உறங்கிக்கொண்டிருந்தது. பூக்காரிகளும் காவலாளிகளும் வரிசையில் நிற்கும்போதே வண்டி கண்ணெதிரே போய்விடும். பட்டணத்தில் அரைநாள் பிழைப்பும் போய்விடும். இதைக் காணப் பொறாத அம்மையார் ஒரு விரதம் பூண்டார். பெருக்கி முடித்ததும் வரிசையில் நிற்பார். நிற்க முடியாதவர் யார் வந்து கேட்டாலும் தம் இடத்தைத் தந்துவிட்டுக் கடைசிக்குப் போவார். கேட்டவரை முன்னால் விட்டுத் தாமும் அங்கேயே நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு ஓரிடம் தள்ளிப்போகுமே! "டிக்கெட் வாங்காமலே நிக்கிற பைத்தியம்" என்று ஜன்னல்காரர் சிரிப்பார். அம்மையாரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் முனிரத்தினம் நெஞ்சு நோயால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாதென்று அம்மையாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

"மூச்சு வாங்குதும்மா. கூட ஒரு ஆள் இல்லாம தனியா கெடக்காரு. சீக்கிரம் வாங்க."

அன்றுதான் அம்மையார் தமக்கென்று வரிசையில் நின்றார். ஒரு பயணி போனில் சீட்டு எடுத்துத் தர முயன்று, ஸ்டேஷனுக்குள்ளிருந்து எடுக்க வராது என்று உதட்டைப் பிதுக்கினார். வரிசை நத்தையாய் நகர்ந்தது. அம்மையார் ஜன்னலை எட்டியபோது வண்டியின் ஓசையும் கேட்டது. அப்போது ஒரு கிழவர், தள்ளாடும் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்தார்.

"தாயே, இவளால நிக்க முடியல. உன் எடத்தைத் தர்றியா?"

அம்மையாருக்கு உயிரே போய்வந்தது. மாட்டேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. வாய் திறந்தால் அது வந்துவிடுமென்று பேசாமலே விலகினார்.

"அவங்களையே ஒனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லேன்!" என்றாள் ஒரு பூக்காரி.

"குடுத்த எடத்துக்குக் கூலி கேக்கறதா?" என்று அழுதபடியே கடைசிக்குப் போனார்.

முதியவர் இருவரும் ஏறினர்; திரும்பியும் பார்க்கவில்லை. வண்டி போயிற்று. சீட்டில்லாமல் ஏற அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. நடைமேடையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"சிவனே, என் புருசன் அநாதையாவா சாவணும்? ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

ஜன்னல்காரருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த சகாவை இழுத்துவந்து இரண்டாம் ஜன்னலைத் திறக்க வைத்தார். அது பிறகு மூடப்படவேயில்லை. ஆனால் அம்மையாருக்கு அடுத்த வண்டி வரவே வெகு நேரமாயிற்று.

அதில் பட்டணம் போய் வார்டில் நுழைந்தார். போர்த்திய உடலைப் பார்க்கப் போகிறோம் என்றே நடந்தார். முனிரத்தினம் தலையணையில் சாய்ந்து கண்விழித்திருந்தார்.

"தனியா கெடந்தியா சாமி?" என்று அம்மையார் கதறினார்.

"எங்க தனியா? ஒரு பெரியவரும் அந்தம்மாவும் காலையிலேர்ந்து என் கையைப் புடிச்சிக்கினு இருந்தாங்க. இப்பதான் எழுந்து போனாங்க. யாருன்னு கேட்டேன். 'ஒன் பொண்டாட்டி அவ எடத்தை எங்களுக்குக் குடுத்துட்டா. அவ வர்ற வரைக்கும் அவ எடத்துல நாங்க இருக்கோம்'னு சொன்னாங்க."

அம்மையப்பரையே தமக்காகக் காத்திருக்க வைத்த பச்சையம்மாளின் பாதத்தூளி நம் தலைமேல் படியட்டும்.