ஞானதங்கத்தின் கைப்பிடிக் கலயம்

கலயம் ஒன்று, அதற்கு உரிமை உள்ளவர்கள் மூன்று பேர். அடுத்தவர் வீட்டு நியாயம் என்றால் நமக்கெல்லாம் நாக்கு முந்திக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள், கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மதுரையில் மில் தொழிலாளர்களுக்கான லைன் வீடு ஒன்றில் ஞானதங்கம் குடியிருந்தாள். கணவர் வேதமுத்து மில்லில் ஃபிட்டர். பிள்ளைகள் மூவர்: மூத்தவள் ரத்னபாய், நடுவில் சாமுவேல்துரை, கடைக்குட்டி லீதியாள். உலை கொதிக்கும்போது ஞானதங்கம் அன்றைக்கு வேண்டிய அரிசியை உழக்கால் அளந்து முறத்தில் கொட்டுவாள். "ஆண்டவரே, இது உமக்கு" என்று முணுமுணுத்தபடி அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். மிச்சம்தான் உலைக்கு. கலயத்து அரிசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர்கள் வீட்டு அடுப்புக்குப் போகும்.

அரிசி கலயத்துக்குள் விழும் அந்தச் சலசலப்பு ரத்னபாய்க்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டால் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அர்த்தம். மூவரும் கை கழுவிக்கொண்டு தட்டோடு வந்து உட்காருவார்கள். எல்லோரும் தின்று எழுந்த பிறகு அம்மா பானையை மடியில் சாய்த்துக்கொண்டு சுரண்டுவாள். "அம்மாவுக்கு அடிச்சோறுன்னா உசிரு" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். ஒருநாள் சாமுவேல்துரை, "எனக்கும் அடிச்சோறு" என்று அடம்பிடித்தான். "என் பங்குக்கு வராதடா" என்று சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் அவன் தட்டில் போட்டாள் அம்மா. பிறகு வடிகஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு எழுந்தாள். எவ்வளவு சந்தோஷமான வீடு அது! நினைத்தால் ரத்னபாய்க்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

காலம் யாருக்காக நின்றது? பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், ஞானதங்கமும் ஆண்டவரிடம் போய்விட்டாள். போகுமுன் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "கலயத்தை, நான் பிடி போட்ட மாதிரி யார் போடுறாங்களோ அவங்க கையில கொடுங்க."

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீட்டு ஜெபத்துக்கு மூவரும் வந்தபோது வேதமுத்து கலயத்தை நடுவில் வைத்தார். அம்மாவின் பட்டுப்புடவையையும் கம்மலையும் தம்பி தங்கைக்கே விட்டுக்கொடுத்த ரத்னபாய்க்கு, இதை மட்டும் விட மனசில்லை. இது கையில் வந்தால், நீ என் மகள்தான் என்று அம்மாவே சொன்ன மாதிரி.

"கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வேளையும் தப்பினதில்லப்பா. காய்ச்சல்ல கிடந்தப்பகூட எழுந்து வந்து பிடி போட்டுட்டுத்தான் படுத்தேன்" என்றாள்.

பொய்யில்லை, அத்தனையும் சத்தியம். ரத்னபாய் வீட்டு நிர்வாகத்தில் கெட்டிக்காரி வேறு. அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். வீட்டில் யாருக்கும் குறையக் கூடாதே என்று, மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அளவைச் சரிக்கட்டிவிட்டு உலையில் போடுவாள்.

சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் சாமுவேல்துரை சொன்னான்: "அக்கா, நான் பிடி கணக்கெல்லாம் பார்க்கிறதில்ல. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் விடுதிக்கு மூட்டை மூட்டையா இறக்குறேன். அம்மா ஆசைப்பட்டது நாலு பேர் வயிறு நிறையணும்னுதானே?"

அதுவும் நியாயம்தான். அந்த விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் கலயத்தை அவனுக்கே கொடுப்பார்கள்.

லீதியாள் தலை நிமிரவில்லை. அவள் கணவனுக்குச் சரியான வேலை கிடையாது. "என் வீட்டுப் பானை பல வாரம் பாதிகூட நிறையாதுப்பா. பிள்ளைகளுக்கே பத்தாத அன்னைக்கு நான் பிடி போடுறதில்ல. அக்காவே எடுத்துக்கட்டும்" என்றாள்.

வேதமுத்து லீதியாளைக் காட்டினார். "அடக்கம் முடிஞ்சப்புறம் கொஞ்ச நாள் இவ வீட்ல தங்கியிருந்தேன். எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியா உட்கார்ந்து பானையைச் சுரண்டிக்கிட்டு இருந்தா. என்னம்மா இதுன்னு கேட்டேன். எனக்கு அடிச்சோறுன்னா உசிருப்பான்னு சொல்றா."

ரத்னபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளா? சின்ன வயசுல அடிச்சோறு வச்சா மூஞ்சியத் திருப்பிக்குவாளேப்பா!"

இப்போது சொல்லுங்கள். ஒரு வேளையும் தவறாதவள் ஒருத்தி, மூட்டையாக அள்ளிக் கொடுத்தவன் ஒருவன், பல நாள் தவறவிட்டவள் ஒருத்தி. ஞானதங்கம் சொன்னபடி பார்த்தால் கலயம் யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: அதை முதலில் கண்டுபிடித்தவள் ரத்னபாய்தான். சிரித்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. "அம்மாவுக்கும் அது பிடிக்காதுப்பா, இல்ல?" என்று கேட்டாள். மூட்டையால் நிறைந்த வயிறுகள் அதிகம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. தவறாத கையும் நல்ல கைதான். ஆனால் ஞானதங்கம் எடுத்த பிடி அவளுடைய தட்டிலிருந்து போனது, லீதியாள் எடுத்ததும் அப்படியே. ரத்னபாய் கலயத்தைத் தூக்கித் தங்கையின் மடியில் வைத்துவிட்டு, அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஊர் திரும்பிய அன்று மதியம் அரிசி அளந்து ஒரு பிடி எடுத்தவளின் கை, பழக்கத்தில் மூட்டைப் பக்கம் போயிற்று. போன கையை இழுத்துக்கொண்டாள். எல்லோரும் தின்று எழுந்த பிறகு உட்கார்ந்து பானையைச் சுரண்டினாள். காந்தல் கசந்தது. இதைத்தான் அம்மா இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறாள்.