இரும்புக்குப் போட்ட கோடு

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மரியபுஷ்பம் உதவியாளர். வந்து இறங்கும் டப்பாக்களில் வாய்பாடு மட்டும்தான் இருக்கும். உப்பைக் கரைத்துப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பெயரை எழுதி ஒட்டுவது அவள் வேலை. FeCl₂ என்றால் ‘இரும்பு(II) குளோரைடு’, FeCl₃ என்றால் ‘இரும்பு(III) குளோரைடு’.

ஒருநாள் தாளாளர் குலசேகரன் வந்தார். தமக்குத் தெரியாதது உலகத்திலேயே கிடையாது என்பது அவர் எண்ணம்.

“பேருக்கு நடுவுல என்னம்மா குச்சி குச்சியா கோடு? நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. எல்லாத்தையும் அழி.”

“ஐயா, அது இரும்போட மின்சுமைங்க. கூட எத்தனை குளோரின் சேர்ந்திருக்கோ, அத்தனை கோடு…”

“எனக்கே பாடமா? நாளைக்கு ஒரு கோடு கண்ணுல பட்டாலும் உனக்கு இங்க வேலை இல்லை.”

மரியபுஷ்பம் எல்லாக் கோட்டையும் அழித்தாள்.

மறுநாள் விருந்தாளிகள் முன் தாளாளரே வித்தை காட்டினார். “ஃபீனால் இப்போ ஊதாவா மாறும் பாருங்க!” என்று இரும்பு குளோரைடைச் சொட்டினார். ஊதாவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

“என்னத்தைக் கலந்து வெச்சே?” என்று சீறினார்.

“ஒண்ணும் கலக்கலீங்கய்யா. ஊதா ஆக்குறது ஒரு இரும்பு குளோரைடு, ஆக்காதது இன்னொண்ணு. ஐயா உத்தரவுப்படி இப்போ ரெண்டுக்கும் ஒரே பேரு.”

“அப்போ கோட்டைத் திரும்பப் போடு!”

“போட்டுடலாங்கய்யா. எந்தப் பாட்டிலுக்கு ரெண்டு, எதுக்கு மூணுன்னு மட்டும் சொல்லிடுங்க. ஐயாவுக்குத் தெரியாததா?”

தாளாளர் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியபுஷ்பத்திடம் நீட்டினார்.