கரித்தெருவில் ஒரு மூட்டை

கடைசியாகப் பார்த்த அன்று ராஜா மகுடவர்மர் ஒரு வசைச்சொல்லால்தான் சடையாண்டியைக் கூப்பிட்டார். சடையாண்டிக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கதை.

சடையாண்டி அரண்மனை விகடகவி. அவனுடைய ஜனங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து கரி சுட்டு விற்றவர்கள். கறுத்த நிறத்துக்காக ஊரார் அவர்களை 'கரிமூஞ்சி' என்று ஏசினார்கள். எறிந்த கல்லையே பொறுக்கி அடுப்புக் கூட்டியது போல, கரித்தெரு அந்தச் சொல்லை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கரி மூட்டையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. "ஏ கரிமூஞ்சி, வா" என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் வந்து தூக்கிவிடுவார். வரமாட்டேன் என்றவர் அந்தத் தெருவில் கிடையாது.

சடையாண்டியோ அந்தச் சொல்லை வைத்துச் சபையில் பிழைத்தான். "இந்தக் கரிமூஞ்சி கறந்தால் பால் கறுத்துவிடுமோ என்று பசுவே திரும்பிப் பார்க்கிறது" என்பான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் மனைவி வெள்ளச்சி மட்டும் சிரித்ததில்லை. பேர்தான் வெள்ளச்சி, நிறத்தில் அவனைத் தோற்கடிப்பாள்.

ஒருநாள் கோட்டை வாசலில் மூட்டையோடு நின்ற வெள்ளச்சியின் அண்ணனை, "கரிமூஞ்சி, ஓரம் போடா" என்றார் தளவாய் ரங்கப்பர். அவன் போகவில்லை. வழக்கு சபைக்கு வந்தது.

"அவர்கள் சொன்னால் செல்லம், நான் சொன்னால் வசையா?" என்றார் தளவாய். "இதோ, இவன் தினமும் சொல்கிறான். நெய்ச்சோறு தின்று பட்டு உடுத்துகிறவன் மேல் கரி எங்கே ஒட்டியிருக்கிறது?"

ராஜா தாடியைத் தடவினார். "சடையாண்டி, அந்தச் சொல்லை யார் சொல்லலாம்? நாளைக்குப் பதில் வேண்டும். இல்லையென்றால் இனி ஒருவரும் சொல்லக்கூடாது. மீறினால் சவுக்கடி."

வீட்டில் வெள்ளச்சி பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் இனி எப்படி ஆள் கூப்பிடும்? 'தாங்கள் எழுந்தருள வேணும்'னா?"

"யோசிக்கிறேன்."

"மாமா, நீ கடைசியா எப்ப மூட்டையைத் தொட்ட? சொல்லை மட்டும் அரண்மனைக்குத் தூக்கிட்டுப் போயிட்ட."

சுருக்கென்று தைத்தது. பதிலும் அதிலேயே இருந்தது.

மறுநாள் சபையில் சொன்னான்: "யார் வேண்டுமானாலும் சொல்லலாம் மகாராஜா. ஆனால் சொன்னவரைக் கரித்தெருவில் யார் அந்தப் பேரால் கூப்பிட்டாலும் போய் மூட்டை தூக்கிவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"இவ்வளவுதானா?" என்று தளவாய் சிரித்தார். "கரிமூஞ்சி, கரிமூஞ்சி."

ராஜ ஆணை, தப்ப வழியில்லை. அன்று கரித்தெருவின் எல்லா மூலையிலிருந்தும் தளவாய்க்கு அழைப்பு வந்தது. சாயங்காலம் அவர் எது, மூட்டை எது என்று தெரியவில்லை. முதலில் மூட்டைக்கு மறுபக்கம் பிடித்தவன் சடையாண்டி. சபையில் அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவனை ஜனங்கள் சும்மா விடுவார்களா? மூன்றாவது மூட்டையிலேயே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பலகையில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டே வெள்ளச்சி முதல்முறையாகச் சிரித்தாள்.

"தளவாய் இப்போது அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லையாமே?" என்று சில நாள் கழித்து ராஜா கேட்டார்.

"ஆமாம் மகாராஜா."

"நீ?"

"நானும் இல்லை. உரிமை இருக்கிறது, இடுப்பு இல்லை."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவன் வீட்டுக்குப் போகத் தன் பல்லக்கையே கொடுத்தார்.

"எனக்கும் ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை" என்றார்.

"தாராளமாகச் சொல்லுங்கள். தெருவில் மூட்டை தயாராக இருக்கிறது."

ராஜா வாயை மூடிக்கொண்டார். பல வருஷம் மூடியே வைத்திருந்தார். அந்தக் கடைசி நாளில், படுக்கையிலிருந்து எழ முடியாமல், கைகட்டி நின்ற வைத்தியர்களையெல்லாம் விட்டுவிட்டு, "ஏ கரிமூஞ்சி, வா" என்றார். சடையாண்டி போய் அவர் முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தான்.

"சொல்லிவிட்டேன்" என்றார் ராஜா. "ஒரு மூட்டை என் பங்கு."

வெள்ளச்சியின் அண்ணன் ராஜாவுக்கென்று ஒரு மூட்டையை ஓரமாக எடுத்து வைத்தான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.