விநாடி முள்

இறுதிச் சுற்றில் தணிகைவேலும் ஒரு பல் டாக்டரும் மட்டுமே மிச்சம். ஜெயித்தால் தேசியப் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் இடம். தோற்றால் சீட்டை விட்டுவிட்டு மாமனாரின் டயர் கடையில் உட்காருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கோவாவுக்கு ரயிலேறியிருந்தார். இடைவேளை விடும்போது பந்தயக் காசாக வைத்து ஆடும் அவருடைய சிப்ஸ் வில்லைகளில் பாதி டாக்டர் பக்கம் போய்விட்டது.

நேராக நஸ்ரீனிடம் வந்தார். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் ஆட்டம் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், அதனால் டீச்சர். கேன்டீனில் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க கேம் தியரி என்னைக் கவுத்திருச்சு டீச்சர்.”

“என்ன பண்ணீங்க சார்?”

“நீங்க சொன்னதுதான். மட்டமான சீட்டு வந்தா, நாலுல ஒரு தடவை நல்ல சீட்டு மாதிரி பந்தயம் கட்டி மிரட்டணும். எந்தத் தடவைன்னு நம்ம மனசு முடிவு பண்ணக் கூடாது. பண்ணினா எதிராளி நம்ம பழக்கத்தைப் பிடிச்சிருவான்.”

“சரி. யார் முடிவு பண்ணினது?”

அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “விநாடி முள் பன்னிரண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருந்தா மிரட்டுவேன். இல்லாட்டி சீட்டைக் கவிழ்த்துருவேன். ஒரு தடவைகூட மீறலை. ஆனா நான் மிரட்டினா அந்த மனுஷன் அசையவே மாட்டேங்கறார். நல்ல சீட்டோட கட்டினா உடனே ஒதுங்கிக்கிறார். என் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கா?”

பாவம், அந்த மூஞ்சியை மரக்கட்டையாக வைத்துக்கொள்ளத்தான் மூன்று மாதம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நஸ்ரீன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து அவருக்கு இரண்டு சீட்டு போட்டாள். “டாக்டர்கிட்ட ஆடுற மாதிரியே ஆடுங்க.” குனிந்து சமோசாவைத் தின்றாள்.

அவர் சீட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பந்தயம் கட்டினார்.

“மட்டம்” என்றாள்.

சரிதான். மறுபடி போட்டாள். பார்த்த கையோடு கட்டினார்.

“நல்ல சீட்டு.”

அதுவும் சரி.

“என் மூஞ்சியை நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலையே டீச்சர்?”

இடைவேளை முடிந்து மணி அடித்தது. நஸ்ரீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நல்ல சீட்டு வந்தப்ப ஏன் சார் மணி பார்க்கலை?”

தணிகைவேல் மேஜைக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே இரண்டு ராஜா வந்தது. நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

டாக்டர் ஒதுங்கவில்லை.