கலப்பைக் கல்

வேங்கைக்குறிச்சி ராஜாவுக்கு ஒருநாள் திடீரென்று முன்னோர் பாசம் பொங்கிவிட்டது. வேட்டைக்குப் போன வழியில் தாத்தாவின் பண்ணைக்கோட்டை இடிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். கொள்ளைக்காரர் பயத்தில் வீட்டையும் களஞ்சியத்தையும் சுற்றி மதில் எழுப்பி, ஒவ்வொரு கல்லிலும் கலப்பை அடையாளம் செதுக்கவைத்தவர் அந்தத் தாத்தா. இப்போது ஒரு மூலைச்சுவரும் சில ஓணான்களும்தான் மிச்சம்.

மதில் எங்கே போயிற்று என்று ராஜா கேட்ட சூட்டோடு பிரதானி அனந்தப்பர் ஒரு திருடனைப் பிடித்துவந்தார். பக்கத்து வயல்காரன் மாடக்கண்ணு. அவனுடைய மாட்டுக்கொட்டிலில் நாலு கலப்பைக் கற்கள் இருந்தன. அந்த வயல்மேல் பிரதானிக்கு வெகுநாளாக ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது. ராஜாக்கள் அப்படித்தான்.

"விழுந்து கெடந்துச்சு சாமி. மாடு சேத்துல நிக்குதேன்னு எடுத்துப் போட்டேன்" என்றான் மாடக்கண்ணு.

கொட்டிலை இடி, வயலைப் பறி என்றார் பிரதானி. ராஜாவும் தலையாட்டப் போனார்.

விகடன் குழைக்காதன் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தாம் முன்னின்று கட்டிய புதுக் கொலுமண்டபத்தில் எல்லோருக்கும் ஆசனம் போட்ட பிரதானி, இவனுக்கு மட்டும் சிம்மாசனப் படியோரம் வெறுந்தரையைக் காட்டியிருந்தார். மண்டபத்துக் கல்லெல்லாம் வடமலையில் வெட்டியது என்று பெருமை வேறு. நாளெல்லாம் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருப்பதே குழைக்காதனின் உத்தியோகமாகிவிட்டது.

மாடக்கண்ணு கைகட்டி நிற்பதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, நாலு கல்லில் மதில் எழும்புமா? கலப்பைக் கல் இருக்கும் கட்டடம் யாருடையதானாலும் இடிக்கச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போனது. அப்படியே ஆணையிட்டார். பிரதானியின் முகம் வெளுத்தது. பாவம், அஜீரணம் போலும் என்று ராஜா நினைத்துக்கொண்டார்.

குழைக்காதன் வெளியே போய் நாலு கடப்பாரைக்காரர்களோடு திரும்பிவந்தான். கொட்டிலுக்குப் போகாமல் இங்கே என்ன வேலை என்று ராஜா சீறினார்.

"பெரிய கல்லில் தொடங்கலாமென்றுதான். மகாராஜா சற்று எழுந்து நின்றால் சௌகரியம்."

ராஜா குனிந்து பார்த்தார். அவர் காலடிப் படியில் தாத்தாவின் கலப்பை பளிச்சென்று தெரிந்தது. பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணை அப்போதே வாபஸ் ஆனது. மாடக்கண்ணு வயலோடும் கொட்டிலோடும் வீடு போனான். மதிலைத் தம் செலவில் எழுப்பப் பிரதானி புறப்பட்டார். அவருடைய ஆசனம் இனி குழைக்காதனுக்கு என்றார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா, நான் தரையிலேயே இருக்கிறேன்" என்றான் குழைக்காதன். "தூண்களை இன்னும் பார்க்கவில்லை."